"தலைச்சுத்தா?" என்று மட்டும் கேட்காதீர்கள்: கொழும்பு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிறுநீரகத் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் 12 நாள் கிடந்தேன். ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக் ஊசி (பெயர் பிறகுதான் தெரிந்தது) தொற்றை அடக்கியது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் வினை தொடங்கியது.

பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் கைகூப்பிக் கண்ணை மூடினேன். அப்படியே பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டேன். முகத்துக்குச் சவர்க்காரம் போடும்போதும் அதே கதை. காலி வீதியில் நடந்தபடி பார்த்தால் பஸ் பலகையின் எழுத்தெல்லாம் துள்ளுகிறது. நின்று பார்த்தால் 101 என்று துலக்கமாகத் தெரிகிறது.

மூன்று இடத்தில் காட்டினேன். மூன்றிலும் ஒரே கேள்வி: "அம்மா, அறை சுத்துதா?" இல்லை என்றேன், உண்மை அதுதானே. பிரஷர் பார்த்தார்கள், காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள், தலைச்சுற்று மாத்திரை எழுதினார்கள். ஒருவர் வயசு என்றார். எனக்கு 61தான், சரி, விடுவோம்.

குறை நம்முடைய சொல்லிலும் இருக்கிறது. கண் இருட்டுவதும் உலகம் சுழல்வதும் கால் தள்ளாடுவதும் நமக்குத் தலைச்சுத்துத்தான். ஆனால் ஜென்டாமைசின் தாக்கினால் பெரும்பாலும் இரண்டு உட்காதையும் ஒருசேரத் தாக்குகிறது. இடம் வலம் வித்தியாசம் இல்லாததால் சுழற்சியும் இல்லை. கேள்திறனைத் தொடாமல் சமநிலை உணரும் மயிரணுக்களை மட்டும் அழித்துவிடவும் கூடும்.

நாலாவது வைத்தியர் என் தலையை இரு கையாலும் பிடித்து, "என்ர மூக்கையே பாருங்கோ" என்று சொல்லிச் சட்டென்று கொஞ்சம் திருப்பினார். உட்காது சரியென்றால் கண் மூக்கிலேயே நிற்குமாம்; என் கண் நிற்கவில்லை. தலையோடு போய்விட்டுத் துள்ளித் திரும்பியது. மற்றப் பக்கமும் அப்படியே. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹல்மாகி, கர்தோய்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988இலேயே விவரித்த சோதனையாம். பிறகு காதுக்குள் குளிர்நீரும் வெதுவெதுப்பான நீரும் விட்டுப் பார்த்தார்கள். அப்போது கண் தானாக அசைய வேண்டுமாம்; எனக்கு அசையவில்லை.

"என்ன ஊசி போட்டவை?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி தந்த என் டயக்னோசிஸ் கார்ட்டில் 'அன்டிபயோட்டிக்' என்று மட்டும் இருந்தது.

ஆகவே கேட்கிறேன்: ஊசியின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதை எழுதிக் கொடுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் சமநிலை போகலாம். அதனால் ஊசி போகும் நாட்களில் நோயாளியைத் தலையாட்டியபடி சுவரிலுள்ள எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அழிந்த மயிரணு திரும்ப முளைக்காது. பயிற்சியால் மூளைதான் ஈடுகட்டப் பழக வேண்டும். மந்தமாக்கும் தலைச்சுற்று மாத்திரையை மாதக்கணக்காகக் கொடுத்தால் அந்தப் பழக்கமும் தாமதமாகும்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு தலையணையைத் தரையில் போட்டு, அதன்மேல் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் பிடிக்க ஒருவர் நிற்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு நோயாளி