தோர் மலைக்குப் போகும் மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ கனடாவின் வடக்கே பாஃபின் தீவுக்குப் போவதாகச் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சரியான நித்திரை இல்லை. அந்தத் தோர் மலையின் படத்தை அவள் பார்த்துவிட்டாள். நானும் தேடி வாசித்தேன். மேற்குப் பக்கம் 1,250 மீட்டர் உயரத்துக்கு ஒரே கருங்கல் சுவர். செங்குத்தைவிட மோசம், சராசரி 105 பாகை, வெளியே கவிந்து நிற்கிறது. நம் இராவணன் வெட்டில் நின்று கடலை எட்டிப் பார்க்கவே எனக்கு இன்றும் கால் கூசும். 1953இலேயே உச்சிக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள், ஆனால் வேறு பக்கத்தால். அந்தச் சுவரை 1985இல்தான் ஒரு அமெரிக்கக் குழு ஏறி முடித்தது. 33 நாள் பிடித்ததாம்.

நீ சுவரில் ஏறவில்லை, கீழே அக்ஷாயுக் கணவாயில் நடக்கத்தான் போகிறாய் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். ஆனால் பிள்ளை, எனக்குப் பயம் மலையில் இல்லை, தண்ணீரில்தான். கடலில் தொழில் செய்தவன் சொல்கிறேன், கேள். அங்கே ஓடைகள் எல்லாம் பனியாற்றில் இருந்து உருகி வருபவை. வெயில் ஏற ஏற உருகுவதும் கூடும், பின்னேரத்தில் நீர் பெருகும். காலையில் முழங்காலளவு இருந்தது பின்னேரம் இடுப்பளவு ஆகலாம். அதனால் விடிந்ததும் கடந்துவிடுங்கள். பனியாறு அரைத்த கல்மா கலந்து கலங்கலாக வரும், அடி தெரியாது. ஒடுங்கிய இடம் கிட்டவாகத் தெரியும், அங்கேதான் ஆழமும் இழுவையும். ஆறு பல கிளையாகப் பரந்து ஓடும் இடமாகப் பார்த்து இறங்கு. முதுகுப்பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடு. விழுந்தால் பையை உதறிவிட்டு எழும்பலாம். வெறுங்காலோடு மட்டும் இறங்காதே, அந்தக் குளிரில் கால் விறைத்துவிடும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் கூடாரத்தைப் போட்டு அடுத்த விடியும்வரை இருங்கள். ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும்.

பனிக்கரடி பற்றி அங்குள்ள தேசியப் பூங்காக்காரர் சொல்லித்தருவார்கள், அதைக் கவனமாகக் கேள்.

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. பனியாறு செதுக்கிவிட்டுப் போன அந்தக் கல்லை என் பிள்ளை அடியில் நின்று அண்ணாந்து பார்க்கப் போகிறாள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். நல்லாகப் பார்த்துவிட்டு வா.

எத்தனை பேராகப் போகிறீர்கள், சாட்டிலைட் போன் யாரிடம் இருக்கும் என்று எழுது. நடை முடிந்து பாங்னிர்டங் ஊருக்குத் திரும்பியதும் போன் எடு, இங்கே நடுச்சாமமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா