எவர்சில்வர் டப்பாவில் குலுக்கிய சீட்டு

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா
12 செப்டம்பர் 2009

அன்புள்ள சேது,

உன்னுடைய இரண்டு கடிதங்களும் பிப்ரவரியிலிருந்து என் மேசையில்தான் இருக்கின்றன. ஒன்றின் மேல் காபி வட்டம்கூட விழுந்துவிட்டது. குடை வாத்தியார் இருந்திருந்தால் என்னை முட்டி போட வைத்திருப்பார். வீட்டில் எல்லோரும் நலம். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். என் சர்க்கரை, நான் பார்க்காத நாட்களில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உன் மகனுக்கு இடம் கிடைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. நம் வகுப்புப் பட்டாணி அந்தப் பழைய கடன் கணக்கை இன்னும் தீர்க்கவில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். அவன் தீர்க்கமாட்டான், நீயும் கேட்பதை நிறுத்தமாட்டாய்.

சென்ற கடிதத்தில் நீ என்னைக் கிண்டல் செய்திருந்தாய்: "சமுதாயக் கல்லூரி என்றால் எங்கள் ஊரில் தையலும் மெழுகுவர்த்தி செய்வதும் சொல்லித் தருகிற இடம், அமெரிக்கா போயும் நீ அதைத்தானா செய்கிறாய்?" அப்போதே பதில் எழுதியிருந்தால் வேடிக்கையாக எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. ஆகஸ்ட் 31-ஆம் தேதி நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இங்கே சொன்னால் "எல்லோரும்தான் செய்தோம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

முதலில் இந்த இடம் என்ன என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். 1960-இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு திட்டம் போட்டது. பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வந்தவர்களுக்குப் பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்கள், முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள், மற்ற எல்லோருக்கும் நான் பாடம் எடுக்கிற இந்தச் சமுதாயக் கல்லூரிகள். 18 வயது நிரம்பிய எவரும், பள்ளிப் படிப்பை முடிக்காதவரும்கூட, வந்து சேரலாம். நுழைவுத் தேர்வு இல்லை, சிபாரிசு இல்லை. இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பெர்க்லிக்கு மூன்றாம் ஆண்டு மாணவராகப் போகிறவர்களும் உண்டு. நர்சிங், தீயணைப்பு, கார் பழுதுபார்த்தல் கற்றுக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. 1984 வரை கட்டணமே கிடையாது. இப்படி 110 கல்லூரிகள். சென்ற ஆண்டு ஏறத்தாழ 29 லட்சம் பேர் படித்தார்கள். பிரின்சிபால் அறை வாசலில் மூன்று நாள் நம் அப்பாக்கள் கசங்கிய வேட்டியோடு நின்றது உனக்கு நினைவிருக்கும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே இங்கே அப்படி ஒரு வாசல் இல்லை என்பதால்தான். இந்த ஆண்டு இங்கேயும் அப்படி ஒரு வாசலை வைத்துவிட்டார்கள், சேது; அதில் காவலுக்கு நிற்க வைத்தது என்னை.

நடந்தது இதுதான். மாநிலத்தில் வேலையின்மை 12 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. வேலை போனவர்கள் எல்லோரும் ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று எங்களிடம் வருகிறார்கள். ஈராக்கிலிருந்து திரும்பிய படைவீரர்கள், ஆகஸ்ட் முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய கல்வி உதவிச் சட்டத்தை நம்பி வருகிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை 20 சதவீதம் உயர்த்தியதோடு, 40,000 மாணவர்களைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்திருக்கின்றன. மேல் மடையை அடைத்தால் தண்ணீர் கீழ் மடைக்குத்தானே வரும்? இத்தனை பேரும் வந்து சேருகிற ஆண்டில்தான் எங்கள் கல்லூரிகளுக்கு 52 கோடி டாலரை வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 8 சதவீதம்.

மாணவர் அதிகம் வந்தால் பணமும் அதிகம் வராதா என்று கேட்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாணவர் ஆண்டுக்கு 525 மணி நேரம் வகுப்பில் இருந்தால் அவர் ஒரு முழு மாணவர் என்பது இங்குள்ள கணக்கு. பகுதிநேரமாகப் படிக்கிற நான்கு பேரின் மணிகளைக் கூட்டித்தான் சில சமயம் ஒருவர் ஆகிறார். இப்படிப்பட்ட எத்தனை முழு மாணவர்களுக்குப் பணம் தருவோம் என்று மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு வைத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் சேருகிற ஒவ்வொருவருக்கும் கல்லூரி தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். மாணவர்களின் கட்டணத்தை ஒரு யூனிட்டுக்கு (பாடத்தை இங்கே அளக்கும் அலகு) 20 டாலரிலிருந்து 26 ஆக்கியிருக்கிறார்கள். ஐந்து யூனிட் கொண்ட என் வகுப்புக்கு 100 டாலர் கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது 130 கட்டுகிறார். அந்தப் பணமாவது கல்லூரிக்கு வருமா என்றால், அதில் 2 சதவீதம்தான் எங்களுடையது; மீதியை மாநிலம் தான் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்கிறது. ஏழை மாணவர்களுக்குக் கட்டண விலக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கட்டண விலக்குப் பெற்றவருக்கு உட்கார நாற்காலி இல்லையென்றால் அந்த விலக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இதற்கெல்லாம் வேர் 1978-இல் இருக்கிறது. அந்த ஆண்டு மக்களே வாக்களித்துச் சொத்துவரியை ஒரு சதவீதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து மாநிலத்தின் கஜானா வருமான வரியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. வேலையும் பங்குச் சந்தையும் விழுகிற ஆண்டில் கஜானாவும் கூடவே விழுகிறது. ஜனங்களுக்குத் தாகம் எடுக்கிற ஆண்டில்தான் இவர்கள் தண்ணீர்ப்பந்தலைப் பிரித்தாக வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரைக் கண்டுபிடித்துத் திட்டவும் வழியில்லை. திட்டுவதற்கு ஆள் தேடினால் ஆளுநராக ஒரு சினிமாக் கதாநாயகர் கிடைக்கிறார் என்பது உண்மைதான். ஜூலையில் அவருடைய அரசு, தனக்குப் பொருள் விற்றவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. பட்டாணி இங்கே வந்திருந்தால் நிதி அமைச்சர் ஆகியிருப்பான். அதே ஜூலையில் ஒபாமா மிச்சிகனில் எங்களைப் போன்ற ஒரு கல்லூரியில் நின்று, பத்தாண்டுகளில் 1,200 கோடி டாலர் தருவோம், 2020-க்குள் 50 லட்சம் பேர் கூடுதலாகப் பட்டம் பெற வேண்டும் என்று பேசினார். நான் அதைத் தொலைக்காட்சியில் கேட்டுக் கண் கலங்கினேன் என்பதையும் உன்னிடம் ஒளிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து எங்கள் டீனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் பாடம் எடுக்கிற இரண்டில் ஒன்று. என் அல்ஜீப்ரா வகுப்பில் 42 பேருக்கு மேல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது என்று அந்த மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் இருந்தது. இங்கே முதல் நாள் வகுப்பில் இடம் மீதி இருந்தால், ஆசிரியர் ஆளுக்கொரு "ஆட் கோட்" எண்ணைக் கொடுப்பார். அதை வைத்து மாணவர் பதிவு செய்துகொள்வார். முன்பெல்லாம் நான் ஐம்பது பேர்வரை சேர்த்துக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராத என் புத்தி உனக்குத்தான் தெரியுமே.

ஆகஸ்ட் 31 அன்று காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே கதவை ஒட்டி ஆட்கள் நின்றார்கள். ஜன்னல் திட்டில் நான்கு பேர், கரும்பலகைக்குக் கீழே தரையில் ஒரு வரிசை, நடைபாதையில் ஒரு கூட்டம். பதிவு செய்த நாற்பது பேரில் மூன்று பேர் வரவில்லை. ஆக ஐந்து இடம் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் 15 பேர், பட்டியலிலும் இல்லாமல் வந்து நின்றவர்கள் 16 பேர். முப்பத்தொரு பேருக்கு ஐந்து இடம்.

பட்டியல் வரிசைப்படி கொடுத்திருக்கலாம். ஆனால் பட்டியலில் முன்னால் இருந்தவர்கள் வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்து, நள்ளிரவில் விழித்திருந்து பதிவு செய்தவர்கள். நியாயம் பார்க்கிறேன் என்று நினைத்துச் சீட்டுக் குலுக்கினேன். என்னிடம் பெட்டி ஏதும் இல்லை. மதியச் சாப்பாட்டு எவர்சில்வர் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தை மேல் அடுக்குக்கு மாற்றிவிட்டு, துடைத்து, அதில் முப்பத்தொரு சீட்டுகளைப் போட்டேன். சிலர் சிரித்தார்கள். முதல் சீட்டைப் பிரித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு சீட்டின் ஓரத்தில் எண்ணெய் பட்டுப் பெயர் ஊறியிருந்தது.

ஐந்து பெயர்களையும் படித்து முடித்ததும் மற்றவர்கள் போகவில்லை; வரிசையாக என் மேசைக்கு வந்தார்கள். ஒரு பெண்ணுக்கு 12 யூனிட் இல்லையென்றால் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து பெயர் போய்விடும். அவளுக்கு 9 தான் இருந்தது. இன்னொருவர் படைவீரர், பாதிநேரத்துக்கு மேல் பாடம் இருந்தால்தான் அரசு வீட்டு வாடகைப் பணம் தரும். மூன்றாமவர் இதே ஃப்ரீமாண்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்திய கார் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்ப்பவர். ஜெனரல் மோட்டார்ஸ் கோடையிலேயே விலகிக்கொண்டது. டொயோட்டாவும் அடுத்த மார்ச்சோடு நிறுத்தப் போவதாக வகுப்புத் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்தது. 4,700 பேர். அவர் என்னிடம் கெஞ்சவில்லை. "மார்ச் வரை எனக்கு நேரம் இருக்கிறது, அதற்குள் தொடங்கலாம் என்று பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். கையில் புதிதாக வாங்கிய கிராஃப் நோட்டு. விலைச் சீட்டைக்கூட அவர் கிழிக்கவில்லை.

சேர்த்துக்கொண்டால் என்ன ஆகிவிடும் என்று நீ கேட்பாய். எங்கள் ஆசிரியர் சங்கத்தில் மூத்தவர் ஒருவர் எனக்குச் சொன்ன விளக்கம் இது: நீ இரக்கப்பட்டு ஐம்பத்தைந்து பேரை வைத்து நடத்திக் காட்டினால், அடுத்த ஆண்டு நிர்வாகத்தார் உன்னையே சாட்சியாகக் காட்டி இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள், அப்போது வெளியே நிற்பவர்கள் இன்னும் அதிகமாவார்கள். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது. இரக்கப்படுவதே வெட்டுவதற்கு ஆதாரமாகிவிடும் என்றால், சேது, ஒரு வாத்தியார் பிறகு எதை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போவது? பன்னிரண்டு நாளாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். வீட்டில் என் முகத்தைப் பார்த்துச் சர்க்கரை ஏறிவிட்டதோ என்று பயந்துவிட்டார்கள்.

எனக்கும் இதில் சொந்த நஷ்டம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ தியாகி போல எழுதுகிறேன் என்று நினைப்பாய். நான் பகுதிநேர ஆசிரியன். சட்டப்படி ஒரு கல்லூரி வட்டாரத்தில் முழு வேலையின் 67 சதவீதத்துக்கு மேல் எனக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் இரண்டு இடம், நடுவே நெடுஞ்சாலை, காரின் பின்பெட்டியில் அலுவலகம். எங்களைப் போன்றவர்களை இங்கே "ஃப்ரீவே ஃப்ளையர்" என்பார்கள். வெட்டு வந்தால் முதலில் போவது எங்கள் வகுப்புதான். நிரந்தர ஆசிரியரைத் தொட அவர்களால் முடியாது. ஜனவரிப் பருவத்தில் இரண்டாவது கல்லூரியில் என் இரண்டு வகுப்புகளில் ஒன்று இல்லை என்று நேற்று சொல்லிவிட்டார்கள். அந்த வகுப்புக்கு இந்தப் பருவத்தில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், பத்தொன்பது பேர். நீ துறைத் தலைவர், உன்னிடம் இதை எழுதும்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது: உன் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறதா? "கௌரவ" என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

டொயோட்டாக்காரர் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. மறுநாள் வகுப்பில் அவர் கதவருகே ஒரு மடக்கு நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். பதிவு இல்லாதவர் வகுப்பில் உட்காரக் கூடாது என்பது விதி. நான் பார்க்காதது போலப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். மாலை ஷிப்ட் வேலை முடித்துத் தூங்கி எழுந்து காலையில் வருகிறார். வீட்டுப்பாடத்தை இயந்திர வரைபடம் போல எழுதுகிறார். சமன்பாட்டின் சமக்குறிகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக, அளவுகோல் வைத்தது போல நிற்கும். பின்னத்தை வகுக்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தலைகீழாக்க மறந்துவிடுகிறார், நம் பட்டாணியைப் போலவே. இதற்கு மதிப்பெண் கிடையாது, யூனிட் கிடையாது, மாநிலத்தின் 525 மணி நேரக் கணக்கில் அவர் ஒரு நிமிடம்கூட இல்லை. ஜனவரியில் அவருக்கு முறைப்படி ஓர் இடம் கிடைக்குமா என்று டீனிடம் கேட்டிருக்கிறேன். எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

உன்னிடம் ஓர் உதவி. பின்னங்களுக்குக் குடை வாத்தியார் ஒரு பாட்டு வைத்திருந்தாரே, முதல் அடி மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. முழுதும் எழுதி அனுப்பு. இங்கிலீஷில் மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கங்களைச் சொல். டிசம்பரில் வருவதாக இருந்தேன், ஒரு வகுப்பு போனதில் டிக்கெட் காசும் போய்விட்டது, எனவே என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

நேரமாகிறது. நாளை இரவுக்குள் 42 தாள்களைத் திருத்த வேண்டும். 43.

அன்புடன்,
உன் நாராயணன்