சருமத்தின் வகையே தெரியாமல் ஏழு பாட்டில் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு ஞாயிறு இணைப்பில் சருமப் பராமரிப்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், கலவைச் சருமம், நார்மல் என்று நாலு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பூச வேண்டியது ஏழு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் 13 வயது மகள் அதைக் கத்தரித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

அவளுக்கு மூக்கு கொஞ்சம் மினுங்கும், நெற்றியில் இரண்டு பரு. சரி, நான் எண்ணெய்ச் சருமம் என்று அவளே முடிவு செய்துகொண்டு, பருவுக்குப் போடும் சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், அதே அமிலம் போட்ட, முகம் கழுவின பிறகு தடவும் டோனர், அப்புறம் இரவுக்கு ரெட்டினால் சீரம் (வைட்டமின் ஏ வகை, அது என்னுடையது, அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள்) எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்துவிட்டாள். ஐந்தாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று அழுகை. அலமாரியைப் பூட்டாதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தன் சருமம் எந்த வகை என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லையே?

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். முகம் முழுக்க மினுங்கினால் எண்ணெய்ச் சருமம். தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இறுகி, அங்கங்கே செதில் தெரிந்தால் வறண்டது. நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும் மினுங்கிக் கன்னம் இறுகினால் கலவை. ஒன்றுமே தெரியவில்லை என்றால் நார்மல், கொடுத்து வைத்தவர். எரிச்சல் எல்லாம் அடங்கின பிறகு மகளை இப்படி உட்கார வைத்துப் பார்த்தேன். மூக்கும் நெற்றியும்தான் மினுங்கின, கன்னம் வறட்சி. அதாவது அவளுக்குக் கலவைச் சருமம், வெந்துபோனதும் அந்தக் கன்னம்தான். சென்சிடிவ், அதாவது எதைப் பூசினாலும் சட்டென்று எரிகிற தோல், என்பது இந்த நாலுக்கும் பக்கத்தில் நிற்கும் ஐந்தாவது கட்டமும் கிடையாது, எந்த வகைச் சருமமும் சென்சிடிவாக இருக்கலாம். அதோடு, இன்றைக்குப் பார்த்த வகை ஆயுசுக்கும் அப்படியே இருக்காது. பருவ வயதில் எண்ணெய் வழிந்த முகம் மாதவிடாய் நின்ற பிறகு வறண்டு போவது சாதாரணம்.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தந்தது. எண்ணெய்ச் சருமக் கட்டத்தில் மாய்ஸ்சரைசரே இல்லை! இருபது வயதில் நானும் இதே நம்பிக்கையில்தான் இருந்தேன். மினுமினுப்பு போக வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவுவேன், எதுவும் பூச மாட்டேன். முகம் மேலே எண்ணெயாக மினுங்கும், உள்ளே இறுக்கமாக இருக்கும், சிரித்தால் தோல் இழுக்கும். வறட்சி வேறு, நீர் வற்றுவது வேறு என்று ஒரு தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. வறண்ட சருமத்தில் எண்ணெய் குறைவு, நீர் வற்றிய சருமத்தில் தண்ணீர் குறைவு, எண்ணெய்ச் சருமத்திலும் நீர் வற்றும். தோலின் மேலடுக்கு ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதிலுள்ள செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று ஒரு பூச்சு இருக்கிறது, உள்ளே இருக்கும் நீரைப் பிடித்து வைப்பது அதுதான். தோலின் பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும், சாதாரண சோப்புக்கட்டி 9, 10 வரை போகும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்தப் பூச்சு என்ன ஆகும்? எண்ணெய் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன, நாம் எத்தனை முறை கழுவுகிறோம் என்று எண்ணெய்ச் சுரப்பிக்குத் தெரியாது. எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும், ஜெல் மாதிரி லேசானது போதும். வறண்டவர்கள் கெட்டியான க்ரீமுக்குப் போகலாம்.

ஏழெல்லாம் வேண்டாம் சார். காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் கழுவி மாய்ஸ்சரைசர். வறண்ட சருமக்காரர்கள் காலையில் வெறும் தண்ணீரில் கழுவினால்கூடப் போதும். எதிலாவது கஞ்சத்தனம் கூடாது என்றால் அது சன்ஸ்கிரீனில்தான். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற எண்) 50 வாங்கலாமா 100 வாங்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம், ஆனால் வெயிலில் தோலைச் சுடும் யூவிபி கதிரில் எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதத்தையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்துச் சொன்ன கணக்கு இது, பொட்டு வைக்கிற மாதிரி நாலு புள்ளி வைத்துத் தேய்த்தால் பெட்டியில் போட்ட எண் நமக்குக் கிடைக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் இது உண்டு, வெயிலின் இன்னொரு புற ஊதாக் கதிரான யூவிஏ கண்ணாடியைத் தாண்டி வரும்.

இதற்கு மேல் சீரம், அமிலம் எல்லாம் ஆசைப்பட்டால் ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். முதலில் முழங்கையின் உள்பக்கம் சில நாள் பூசிப் பார்க்கட்டும். ஏழையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது எரித்தது என்று யாருக்குத் தெரியும்? மேல்தோல் புதுசாக மாறவே ஒரு மாதம் போல ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூட, ஆக ஒரு வாரத்தில் பலன் இல்லை என்று பாட்டிலைத் தூக்கிப் போடுவதும் அவசரம்தான். 'துளைகளை அடைக்காது' என்று போட்டிருந்தால் கண்ணை மூடி வாங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். முயலின் காதில் பூசிப் பார்த்துத் தொடங்கிய சோதனை அது, நம் முகம் முயல் காது இல்லை.

கடைசியாக ரெட்டினால். நாலு கட்டத்திலும் தினமும் இரவு என்று போட்டிருக்கிறீர்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு இரவு, பட்டாணி அளவு, அதுவும் அமிலம் பூசாத இரவில் என்று போட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களும் ரெட்டினால் தொடவே கூடாது என்ற எச்சரிக்கை அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. என் வீட்டில் கன்னம் சிவந்ததோடு போயிற்று. வேறு எந்த வீட்டுக் கண்ணாடியில் அந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ தெரியாது. அதனால் அந்த ஒரு எச்சரிக்கையையாவது வருகிற ஞாயிறு, அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி