மச்சான், அந்த மிச்ச ரவையளை உடை

டேய் மச்சான்,

சுகமோ, மனுசி பிள்ளையள் சுகமோ எண்டு கேட்டாச்சு. இங்க எல்லாரும் சுகம், வெயில் கொளுத்துது, அம்மாவுக்கு வழமையான முழங்கால் நோ. மொட்டையன்ர மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது, மாப்பிளை நீர்வேலி, மொட்டை இப்பவே மண்டபக்காரரோட சண்டை. மிச்சம் நேர வந்து கேள்.

நீ வீட்டில கட்டின ரவையை றேஞ்சில பிஸ்ரலால சுடுறதை எடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பின வீடியோவைப் பற்றித்தான் எழுத வந்தனான். கீழ சிரிக்கிற மூஞ்சி வரிசையாப் போட்டு "பட்டாசு நனைஞ்சிட்டுது" எண்டு வேற எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு சிரிப்பும் வரேல்ல. முதல்ல போன் சத்தத்தைக் குறைக்காமப் போட்டிட்டன், அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடிவந்து "எங்கயடா?" எண்டா. இல்லையம்மா, அவன் ரொறன்ரோவில காசு குடுத்து வெடிக்கிறான் எண்டன். மனுசி கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டு "உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே அவன் போனவன், விசரோ அவனுக்கு" எண்டு கேட்டிட்டுப் போட்டா. பதிலை நீயே போன்ல சொல்லு.

கடைசியில குனிஞ்சு சுட்ட ரவைக் கோது பொறுக்கிறியே, அதுக்கு மட்டும் சிரிச்சனான். அண்டைக்குப் பித்தளைக்காரனுக்கு விக்கப் பொறுக்கினாய், இண்டைக்கும் அதே முதுகு, அதே குனிவு.

சரி, வீடியோவில கேட்ட அந்தப் "பொச்"சுக்கு வாறன். அஞ்சாறு வெடி வடிவாப் போகுது, பிறகு ஒரு சின்னச் சத்தம், பிஸ்ரலுக்கு மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைட் அசையவே இல்லை. உன்ர இடக்கை உடன ஸ்லைட்டை இழுக்கப் போகுது, அப்பத்தான் பக்கத்தில நிண்டு கவனிக்கிற அந்த றேஞ்ச் ஒபிசர் "ஸ்ரொப்" எண்டு கத்துறார். அந்த மனுசனை ஒரு நாளைக்குக் கூப்பிட்டுச் சோறு குடு. ரவைக்குள்ள வெடிமருந்து இல்லாம, அதைப் பத்த வைக்கிற அடிப் பிறைமர் மட்டும் வெடிச்சு, அந்தச் சின்ன உதையில சன்னம், அதுதான் ரவையின்ர முனைக் குண்டு, பரல் எண்டுற துவக்குக் குழாய்க்குள்ள எப்பன் தூரம் போய் இறுகி நிண்டிட்டுது. நீ பழகின பழக்கத்தில இழுத்து, அடுத்ததை ஏத்தி விசையை அமத்தியிருந்தா, முன்னுக்குப் போக வழியில்லாத இடத்தில முழு அமுக்கமும். பரல் ஒரு வளையமா வீங்கும், இல்லாட்டி வெடிக்கும். பிஸ்ரல் போனாலும் பரவாயில்லை, அதைப் பிடிச்சிருக்கிறது உன்ர கை.

பரவாயில்லை எண்டும் சொல்லேலாது. 2022 ஒக்ரோபர் 21இல இருந்து உங்கட நாட்டில தனியாள் கைத்துவக்கு வாங்கவும் விக்கவும் கைமாத்தவும் ஏலாது எண்டு நீதானே புலம்பினனி. அப்ப உன்ர அந்த சீசெட் ஷடோ 2 பிஸ்ரல் பழுதாப் போனா அதுதான் கடைசி. அதை நான் ரசிச்சனான் மச்சான், மறைக்கேல்ல. மற்ற பிஸ்ரல் கனக்கத்தில ஸ்லைட் வெளியால வந்து பிறேமை, கீழ் உடம்பை, மூடும், இதில பிறேமுக்கு உள்ளால ஓடுது, ரெயில் நீளத்துக்குப் பிடிச்சுக்கொண்டு. கடைச்சல் வேலை தெரிஞ்சவன் அதைக் கையில எடுத்தா ஒருக்கா ஆட்டிப் பாக்காம வைக்கமாட்டான். அதின்ர ரெயிலுக்கு எண்ணெய் விடுற அவ்வளவு கவனம் நீ ரவை கட்டேக்க வைச்சிருந்தா நான் இந்தக் கடிதம் எழுதத் தேவையில்லை.

உன்ர கராஜில நான் நிண்ட நேரமெல்லாம் நீ ரவை கட்டுற உந்த டிலன் 550 பிறஸைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான், தெரியுமே. நாலு நிலையம். முதலாவதில பழைய பிறைமர் கழண்டு கோது பழைய அளவுக்கு வந்து புதுப் பிறைமர் ஏறும், ரெண்டாவதில மருந்து விழும், மூண்டாவதில சன்னம் இருக்கும், நாலாவதில வாய் இறுகும். ஆனா தட்டு தன்பாட்டில சுத்தாது, நீதான் கையால தள்ள வேணும். அங்கதான் எல்லாம் கிடக்கு. ஒருக்காத் தள்ள வேண்டிய இடத்தில ரெண்டு தரம் தள்ளினா ஒரு கோது மருந்து விழாமலே சன்னத்துக்குப் போயிடும். தள்ள மறந்து கைப்பிடியைத் திருப்பி இழுத்தா ஒரே கோதுக்குள்ள ரெண்டு தரம் மருந்து விழும்.

நீ ஏன் அதுக்குள்ள தவறவிட்டாய் எண்டு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீ என்னோட ஒரு மணித்தியாலத்துக்கு மேல கதைச்சனி, மொட்டையன்ர கதை, கோயில் கதை, காணிக் கதை, இடைக்கிடை "கடக்கு கடக்கு" எண்டு சத்தம் வந்தது. என்னடா அது எண்டு கேட்க "ஒண்டுமில்லை, மாட்ச்சுக்கு ரவை கட்டுறன்" எண்டாய். இனி அந்தச் சத்தம் கேட்டா நான் போனை வைச்சிடுவன், கோவிக்காத.

இப்பதான் என்னை நித்திரை கொள்ள விடாத விசயம். ஒரு தரம் கூடுதலாத் தள்ளினவன், ஒரு தரம் தள்ளாமலும் விட்டிருப்பான். மருந்து இல்லாதது "பொச்" எண்டு தன்னைக் காட்டிக் குடுத்திட்டுது. ரெண்டு தரம் மருந்து விழுந்தது அந்தப் பெட்டிக்குள்ள இன்னும் பேசாமக் கிடக்கலாம். நீ பாவிக்கிறது கொஞ்சமாப் போட்டாலே காணும் எண்டுற, கெதியா எரியுற மருந்து, கோதை நிரப்பி வழியாது, ரெண்டு மடங்கும் உள்ளுக்கு அமைஞ்சு போயிடும்.

நிறுத்துப் பிடிக்கலாம் எண்டு நினைக்காத. ஒரு கிறெய்ன் எண்டா 65 மில்லிகிராமுக்கும் எப்பன் குறைய, எங்கட தட்டார் நிறுக்கிற குண்டுமணியில அரைவாசி. நீ போடுற மருந்தே அப்பிடிக் கொஞ்சக் கிறெய்ன்தான், றேஞ்சில பொறுக்கின பல கொம்பனிக் கோதுகள் ஒண்டுக்கொண்டு அதேயளவுக்கு வித்தியாசப்படும், அப்ப தராசு உனக்கு என்னத்தைச் சொல்லும்? அந்த அடிச்சுக் கழட்டுற சுத்தியலை எடு, மிச்ச ரவை எல்லாத்தையும் உடை. சன்னமும் கோதும் திரும்பப் பாவிக்கலாம், மருந்தைக் கொட்டு, அது எத்தினை டொலர்.

நான் உன்னை நிப்பாட்டச் சொல்லேல்ல. உந்தக் கணக்கு எனக்கும் பிடிச்சிருக்கு. 124 கிறெய்ன் சன்னம், செக்கனுக்கு 1050 அடி, பெருக்கி ஆயிரத்தால பிரிச்சா 130, ஐபிஎஸ்சி எண்டுற உங்கட சுடுற போட்டியில மைனர் எண்டுற குறைஞ்ச வகைக்கு 125 காணும், குறையாமலும் கையை உதைக்காமலும் நடுவில கொண்டுவந்து வைச்சிருக்கிறாய். கடை ரவையில அந்தச் சுகம் வராது எண்டாய், விளங்குது. லேத்தில ஒரு தௌவுக்கு, அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டுக்கு, மெனக்கெடுற எனக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கும். அதாலதான் சொல்லுறன், மேசைக்கு மேல ஒரு நல்ல லைட்டைப் பூட்டு, சன்னம் வைக்க முந்தி ஒவ்வொரு கோதுக்குள்ளயும் கண்ணால பார். இடையில ஆரும் கூப்பிட்டா தட்டில கிடக்கிற எல்லாத்தையும் எடுத்து மருந்தைக் கொட்டிப்போட்டு முதல்ல இருந்து தொடங்கு. போனை வீட்டுக்குள்ள வை.

இன்னொண்டு. பேத்தி பக்கத்தில இருந்து கோது அடுக்குறாள் எண்டு படம் அனுப்பினனி, வடிவுதான், ஆனா சுட்ட கோதில பிறைமர்ப் புகையின்ர ஈயம் இருக்கு. கோது துப்புரவாக்க அந்தக் குலுக்குற மிஷின்ர தூசியில அதைவிடக் கூட. சின்னப் பிள்ளை, கையை வாயில வைக்கும். அவளை அந்தக் கராஜுக்குள்ள விடாத, உன்ர இரத்தத்தையும் ஒருக்கா ஈயத்துக்குச் சோதி. இதில பகிடி இல்லை.

பரலைக் கழட்டித் துடைச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார். உள்ளுக்குக் கறுப்பா ஒரு வளையம் மாதிரி நிழல் தெரிஞ்சா அந்தப் பரலால இனி ஒரு வெடியும் வைக்காத. தெரியாட்டியும் படம் எடுத்து அனுப்பு, நானும் பாக்கவேணும். உடைச்ச ரவையளில ரெண்டு மடங்கு மருந்து இருந்துதோ எண்டும் மறைக்காமச் சொல்லு.

நல்லூர்த் திருவிழாவுக்கு உன்ர மச்சினன் வாறானாம். அவனிட்ட லேத்துக்கு காபைட் முனை ஒரு பெட்டி குடுத்துவிடு, இங்க வாறது ரெண்டு நாளைக்குக் காணாது. காசை மொட்டையிட்டக் குடுக்கிறன், அவனுக்கு இப்ப தேவை.

உன்ர
லேத்துக்காரன்
கொக்குவில்