ஏலக்கூடத்தில் உழுவைக்கு ஒரு பலகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த இதழில் வெளியான ஏஞ்சல் சுறா பற்றிய கட்டுரையில் அதைத் திருக்கை வகை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தட்டையான உடலைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் திருக்கைக்குச் செவுள் பிளவுகள் அடிப்புறத்தில் இருக்க, இதற்குத் தலையின் பக்கவாட்டில் இருப்பதாலும், மார்புத் துடுப்புகள் தலையோடு ஒட்டாமல் இருப்பதாலும் இது சுறாவே. எங்கள் கரைக்கு வரும் உழுவை என்னும் கிட்டார் மீனோ நேர்மாறு. வாலையும் முதுகுத் துடுப்பையும் பார்த்தால் சுறா, செவுளைப் பார்த்தால் திருக்கை.

மணலில் புதைந்து கிடக்கும்போது இரண்டுமே கண்ணுக்குப் பின்னுள்ள துளை வழியாக நீரை உள்ளிழுத்துச் சுவாசிக்கின்றன. கடந்த மாசியில் இழுவை மடியில் (இழுவலையில்) வந்து சிமெண்டுத் தரையில் கிடந்த ஓர் உழுவைக்கு, அந்தத் துளை வெகுநேரம் திறந்து மூடிக்கொண்டே இருந்ததைக் கண்டேன். அறுத்தபோது உள்ளே குட்டிகள் இருந்தன. விரல் நீளம்தான், வயிற்றில் மஞ்சட்கருப் பை ஒட்டியிருந்தது.

மத்தியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன்களல்ல இவை. ஐரோப்பிய ஏஞ்சல் சுறா எட்டு முதல் பத்து மாதம் சுமந்து, ஓர் ஈற்றில் 7 முதல் 25 குட்டிகள் வரைதான் போடுகிறது. கடலடியை அரிக்கும் மடிகளுக்கு ஈடுகொடுத்துப் பெருக இது போதாது. பிரிட்டனில் மங்க்ஃபிஷ் என்ற பெயரில் விற்கப்பட்ட மீன் அது. இன்று அதே பெயரில் அங்கே விற்பது வேறொரு மீன். 2008-இல் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு கிடைத்தபோது, கேனரித் தீவுகளைத் தவிர மற்ற இடங்களில் ஏஞ்சல் சுறாவைக் காண்பதே அரிதாகிவிட்டிருந்தது.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டிலேயே, ரம்பம் போல நீண்ட மூக்குள்ள வேளாவும் உழுவையில் ஓர் இனமும், பிடிக்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலை கூறுகிறது. கொம்புள்ள சுறா என்றால் அது வேளாவாகத்தான் இருக்க வேண்டும். இன்று எங்கள் ஊர் இளைஞர்கள் வேளாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

மீனவரைக் குறை கூறுவதற்கில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கட்டிவைப்பவர்கள் அவர்கள்தாம். அட்டவணையோ ஆங்கிலத்திலும் லத்தீனிலும் இருக்கிறது. ஆகவே பழையாறு முதல் கோடியக்கரை வரை ஒவ்வோர் ஏலக்கூடத்திலும், பிடிக்கக் கூடாத உழுவை எது, மற்றது எது என்பதை வேறுபடுத்திக் காட்டும் படங்களுடன், கரையில் வழங்கும் பெயரிலேயே ஒரு பலகை வைக்க மீன்வளத் துறை முன்வர வேண்டும். மடியில் உயிரோடு வரும் சினை உழுவையைக் கடலிலேயே விட்டுவிடும்படியும் அதில் ஒரு வரி எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தரங்கம்பாடி