கோரிக்கை மனு: எங்கள் கரையைத் திட்டத்தில் ஏற்றும் முன் தங்கிப் பாருங்கள், வரைந்து காட்டுங்கள்

அனுப்புநர்
ஊர் நாட்டார், மீன் விற்கும் பெண்கள், இளைஞர்கள் சார்பாக,
கடற்கரைக் குப்பத்து மக்கள்,
சென்னை.

பெறுநர்
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை,
எழும்பூர், சென்னை.

பொருள்: சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்காக (மாஸ்டர் பிளான்) கரையோரக் குப்பங்களில் தங்கிப் பார்த்து எழுதும் கள ஆய்வு நடத்தவும், வரைவுத் திட்டத்தை மக்களுக்குப் புரியும் படங்களாகக் காட்டித் திருத்தம் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

காலை 11 மணிக்கு எங்கள் கரைக்கு வந்து பார்க்கிற யாருக்கும் அது வெறும் மணலாகத்தான் தெரியும். நாலைந்து ஃபைபர் படகு, காய்கிற வலை, படகு நிழலில் படுத்திருக்கும் ஒரு நாய், அவ்வளவுதான். அதே இடத்துக்கு விடிந்ததும் வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. படகுகள் கரையேறும். வலையிலிருந்து மீனை உதிர்ப்பார்கள். சங்கராவும் கானாங்கெளுத்தியும் கூறு கூறாகக் குவிந்திருக்கும், ஏலச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். எட்டரை மணிக்குள் எல்லாம் கலைந்துவிடும். அப்புறம் அதே மணலில் வலை காயும், நெத்திலி காயும். சாயங்காலம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். கோடையில் வீட்டுக்குள் புழுக்கம் தாங்காதவர்கள் இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். ஒரே நிலம் ஒரு நாளைக்கு ஐந்து வேலை செய்கிறது. எந்த மணிக்கு வந்து பார்த்தோம் என்பதைப் பொறுத்து அது சந்தையாகவோ, பட்டறையாகவோ, காலியிடமாகவோ தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரையில் ஓர் அழகுபடுத்தும் பணி நடந்தது. செய்தது யார் என்று சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அளக்க வந்தவர்கள் இரண்டு நாள் வந்தார்கள், இரண்டு நாளும் நடுப்பகலில். படத்தில் வலை காயும் இடம் ‘காலியிடம்’ என்று ஏறியது. அங்கே இப்போது பேவர் பிளாக் நடைபாதையும் சிமெண்ட் பெஞ்சும் முழங்கால் உயரக் கம்பி வேலியும் இருக்கின்றன. அங்கே காய்ந்த வலைகளை இப்போது நாங்கள் சாலையோரத்தில் விரிக்கிறோம். வண்டி ஏறுகிறது, வலை அறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது படகுகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வேலி குறுக்கே நின்றதால் ஒவ்வொரு படகையும் பன்னிரண்டு பேர் தோளில் தூக்கித் தாண்ட வைத்தார்கள். என் அண்ணன் மகனுக்குத் தோள்பட்டை விலகியது அன்றைக்குத்தான். வேலி போட்டவர்கள் எங்களுக்குக் கெடுதல் நினைத்தவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் பார்த்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை, அதுதான் காரணம்.

இதை எழுதுகிற நான் இந்தக் குப்பத்தில் பிறந்தவள், கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவள். ஒரு நகரத்தைப் பார்ப்பதற்கும், பார்த்ததைக் காட்டுவதற்கும் முறை இருக்கிறது என்பதைப் படிப்பில் தெரிந்துகொண்டேன். மானிடவியல்காரர்கள் ஓர் ஊரைப் பற்றி எழுத வேண்டுமானால் அங்கே போய்த் தங்குவார்கள். கேள்வித்தாளை நீட்டும் முன் கூட உட்கார்ந்து, கூட நடந்து, மக்கள் சொல்வதையும் செய்வதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வார்கள். எங்களைக் கேட்டால் ‘வலையை வீட்டிலேயே சரிசெய்வோம்’ என்றுதான் சொல்வோம். கூட இருந்து பார்த்தால்தான் தெரியும், அந்த ‘வீடு’ வாசலைத் தாண்டித் தெருவில் பத்தடி வரை நீளும் என்று.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1914-ல் மதராஸ் ஆளுநர் பெண்ட்லண்ட் அழைத்ததன்பேரில் பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இங்கே வந்தார். உயிரியல் படித்து நகரத் திட்டத்துக்கு வந்தவர். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் மாதிரிகளும் கொண்ட அவருடைய பெரிய கண்காட்சி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலை மூழ்கடித்தது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னை மேல் குண்டு வீசி, ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்கிற பேச்சைத் தந்துபோன அதே எம்டன்தான். கெட்டிஸ் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகையில் கண்காட்சியைத் திறந்தார்கள். திட்டம் போடும் முன் கள ஆய்வு, அந்த ஆய்வை ஊர் மக்கள் பார்க்கப் படமாக வைப்பது, இவை இரண்டும் அவருடைய முறை. தஞ்சாவூரின் நெருக்கமான தெருக்களில் நடந்து பார்த்துவிட்டு, நேர்க்கோட்டில் சாலை வெட்டி வீடுகளை இடிப்பதைவிட, தேவையான ஓரிரு இடத்தில் மட்டும் கை வைத்து மரத்துக்கும் காற்றுக்கும் இடம் விட்டால் செலவும் குறையும், ஜனங்களும் ஊரிலேயே இருப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார். நூறாண்டுக்கு முன்னால் இந்த ஊரில் வேர்விட்ட முறையைத்தான் நாங்கள் திரும்பக் கேட்கிறோம்.

வெளியூர் உதாரணம் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1970-களில் நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் கட்டடங்களின் முன்னால் உள்ள சதுக்கங்களில் கேமராவை வைத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று பொறுமையாகப் படமெடுத்துக் காட்டினார். 1975-ல் அந்த நகரம் சதுக்கங்களுக்கான விதிகளையே மாற்றி, உட்கார இடம் வைப்பதைக் கட்டாயமாக்கியது. பார்த்ததைப் படமாகக் காட்டினால் அதிகாரிகளும் மனம் மாறுகிறார்கள்.

இனி, காட்டும் முறை. மேலே சொன்ன பணிக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டார்கள், அதை மறுக்கவில்லை. திரையில் வரைபடம் வந்தது. மஞ்சள், நீலம், நடுவில் எண்கள், ஆங்கிலக் குறிப்பு. கடல் இருக்க வேண்டிய பக்கம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. என் பெரியம்மா, நாற்பது வருடமாகக் கூடை சுமக்கிறவர், எழுந்து, “கடல் எங்கம்மா?” என்று கேட்டார். பதில் வரும் முன் அடுத்த படம் வந்துவிட்டது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டக் குறிப்பில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று இருந்தது.

போன ஆடியில், கூழ் வார்த்த மறுநாள், அம்மன் கோயில் வாசலில் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்துக் குப்பத்தை வரையச் சொன்னோம். பெரியம்மா முதலில் போட்டது கடலைத்தான், கை அகலத்துக்கு ஓர் அலைக்கோடு. அப்புறம் கோயில், ரேஷன் கடை, தெருக்கள். தண்ணீர் லாரி நிற்கும் இடத்துக்குக் குடத்து மூடி, ஐஸ் பெட்டிக்குத் தீப்பெட்டி, விளக்கு எரியாத கம்பத்துக்குக் கரித்துண்டு, மழைநீர் தேங்கும் இடத்துக்கு நீலப்பொடி. ஆண்கள் அதுவரை ஒதுங்கி நின்றார்கள். படகு நிறுத்தும் இடம் சின்னதாகிவிட்டது என்று தெரிந்ததும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் சண்டை, அழித்தல், திரும்பப் போடுதல். கடைசியில் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு கோடு வந்தது. காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் விடிகாலை 3 மணிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க நடக்கும் பாதை அது. அந்தக் கோட்டின் மேல் மூன்று கரித்துண்டு. நாங்கள் பார்த்த எந்த வரைபடத்திலும் அந்தப் பாதை கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நாங்கள் கேட்பது சலுகையும் அல்ல. 2019-ம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ கிராமங்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் 1:3960 அளவிலான உள்ளூர் வரைபடங்களில் குறிக்கச் சொல்கிறது. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உலர்த்தும் இடத்தைச் செயற்கைக்கோள் படம் காட்டாது. அது குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இருக்கும் இடம், கூட இருந்தவர்தான் குறிக்க முடியும்.

2008-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த திட்டத்தின் கோடுகள் இருபது வருடம் எங்கள் தலைமேல் இருக்கும். ஆகவே கேட்கிறோம்.

கரையோர வார்டுகளில் ஒன்றையாவது எடுத்து ஒரு முழு வருடக் கள ஆய்வு நடத்துங்கள். ஒரு வருடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கரையின் கணக்கே வேறு. வாடைக்காற்றில் படகு நிறுத்தும் இடம் மாறும். ஐப்பசி மழையில் தெருவே வேறு தெரு. இதற்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி இருக்கிறது, எழும்பூரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, விஸ்காம் துறை இல்லாத கல்லூரியைத் தேட வேண்டும். இந்த மாணவர்களோடு எங்கள் குப்பத்துப் பிள்ளைகளையும் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைவுத் திட்டம் வந்ததும் அதை ரேஷன் கடையிலும் ஏலக்கூடத்திலும் பள்ளிச் சுவரிலும் ஆளுயரத்துக்கு வையுங்கள். தமிழில், நாங்கள் கூப்பிடும் தெருப் பெயர்களோடு, கடலோடு. மேலிருந்து பார்க்கும் படம் மட்டும் போதாது, தெருவில் நிற்கிறவர் கண்ணுக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது, திட்டம் வந்தால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்ட வேண்டும். சாலை அகலப்படுத்துவதாக இருந்தால் தரையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். 18 மீட்டர் என்றால் காகிதத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. கோடு தன் அடுப்பங்கரை வழியாகப் போனால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேசுவார். அவர் பேசியதற்கு என்ன ஆயிற்று என்பதும், எந்தத் திருத்தத்தை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதும் அதே சுவரில் அடுத்த படமாக வர வேண்டும்.

ஒரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். கேமராவோடு ஆள் வந்தாலே எங்கள் தெருவில் “கணக்கெடுக்க வந்துட்டாங்க, காலி பண்ணச் சொல்லப் போறாங்க” என்றுதான் பேச்சு வரும். கள ஆய்வில் எடுக்கும் படமும் எழுதும் குறிப்பும் வெளியேற்றத்துக்குச் சாட்சியாகப் பயன்படுத்தப்படாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். முகம் தெரியும் படத்துக்கு அந்தந்த ஆளின் சம்மதம் வேண்டும். குறிப்புகளின் தமிழ்ப் பிரதி ஒன்று ஊரிடம் இருக்க வேண்டும். இந்த உறுதி இல்லாமல் ஆய்வு நடந்தால், அது நடக்காமல் இருப்பதே எங்களுக்கு மேல்.

கோலப்பொடி வரைபடத்தை அழியும் முன் படமெடுத்து, பழைய வெள்ளைப் புடவை ஒன்றில் பெயிண்டால் அப்படியே வரைந்து வைத்திருக்கிறோம். அதன் நகலையும், ஒரே இடத்தில் காலை 5, 8, 11, மாலை 5, இரவு 10 மணிக்கு எடுத்த ஐந்து புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். தாங்களோ தங்கள் திட்டப் பிரிவு அதிகாரிகளோ ஒருநாள் காலை 5 மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 3 மணிக்கே வர முடிந்தால், அந்தக் கழிப்பறைப் பின்பாதையில் பெரியம்மா தங்களோடு நடந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடற்கரைக் குப்பத்து மக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு: புடவை வரைபடத்தின் நகல் – 1, புகைப்படங்கள் – 5