திரைப்படத் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்றக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற பழைய இந்திப் படங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்.கே. நய்யார் இயக்க, சுனில் தத் தயாரித்து நடித்து 1963இல் வெளிவந்த 'யே ராஸ்தே ஹைன் பியார் கே' படத்துக்கு அதில் பெரிய இடம் கொடுத்திருந்தீர்கள். அசோக் குமாரும் மோதிலாலும் எதிரெதிரே நின்று வாதாடும் காட்சிகளையும், லீலா நாயுடுவின் அடங்கிய நடிப்பையும், ரவியின் இசையையும் கட்டுரையாளர் பாராட்டியிருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், படத்துக்கு அடிப்படையான நானாவதி வழக்கைப் பற்றி, அதாவது மனைவி சில்வியாவோடு உறவு கொண்டிருந்த பிரேம் அஹுஜாவைக் கடற்படை அதிகாரி நானாவதி சுட்டுக் கொன்ற வழக்கைப் பற்றி, மனைவியின் துரோகத்தால் மனமுடைந்த அந்த அதிகாரியை ஜூரி (பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு) விடுதலை செய்தது என்றும், அதனாலேயே நம் நாட்டில் ஜூரி முறை ஒழிக்கப்பட்டது என்றும் அவர் எழுதி முடித்திருப்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. குற்றவியல் சட்டத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஜூரி அவரை விடுவித்தது உண்மை. பம்பாய் அமர்வு நீதிமன்றத்தில் ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி அல்ல என்றனர். ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. எந்த நியாயமான மனிதரும் அந்தச் சாட்சியங்களிலிருந்து அப்படியொரு முடிவுக்கு வர முடியாது என்று கருதிய அமர்வு நீதிபதி, வழக்கை உயர் நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார். 1960 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் நானாவதியைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்து ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே, 1963இல் படம் திரைக்கு வந்தபோது, அந்தக் கதாநாயகனுக்கு முன்மாதிரியானவர் சட்டத்தின் பார்வையில் ஆயுள் தண்டனைக் கைதியாகவே இருந்தார். பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் கற்பனையே என்ற அறிவிப்போடு தொடங்கிய படம், வழக்கின் முடிவைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டது. திரைக்கலைஞருக்கு அந்த உரிமை உண்டு. நாளிதழுக்கு அந்த உரிமை இல்லை என்பதே என் வாதம்.

ஜூரி முறை ஒழிந்ததற்கு இந்த ஒரு வழக்கே காரணம் என்பதும் சரியன்று. அந்த முறையைக் கைவிட வேண்டும் என்று சட்ட ஆணையம் தனது பதினான்காவது அறிக்கையில் பரிந்துரைத்தது 1958இல். அதாவது பிரேம் அஹுஜா சுடப்படுவதற்கு முந்தைய ஆண்டில். வழக்குக்குப் பிறகும் சில மாநிலங்களில் ஜூரி விசாரணை நீடித்து, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் முழுவதுமாக மறைந்தது.

இவற்றைவிட என்னை உறுத்துவது, அந்தப் பிற்பகலின் சம்பவங்களைத் திரைப்படங்களும் அவற்றைப் பற்றிய கட்டுரைகளும் ஒரே மூச்சில் கடந்துபோவதுதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு அது ஒரு கணத்து ஆவேசமாகத் தோன்றாது. 1959 ஏப்ரல் 27 அன்று மதிய உணவுக்குப் பின் சில்வியா தமக்கும் அஹுஜாவுக்கும் உள்ள உறவைக் கணவரிடம் ஒப்புக்கொள்கிறார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் காரில் அழைத்துச் சென்று, ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த மெட்ரோ திரையரங்கில் இறக்கிவிடுகிறார். அங்கிருந்து தமது கப்பலுக்குப் போகிறார். இரவில் தனியாக அகமதுநகருக்குக் காரோட்டிச் செல்லவிருப்பதாகச் சொல்லி ஒரு கைத்துப்பாக்கியையும் ஆறு தோட்டாக்களையும் கேட்டுப் பெறுகிறார். துப்பாக்கியைத் தமது பெயர் எழுதிய பழுப்பு நிற உறைக்குள் வைத்துக்கொள்கிறார். அஹுஜாவின் அலுவலகத்துக்குப் போய், அங்கே ஆள் இல்லை என்றதும் வீட்டுக்குப் போகிறார். வேலையாள் கதவைத் திறக்க, நேரே படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிறார். அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது பகல் ஒன்றரை மணி. சுட்டது நான்கு இருபது. சினம் தணிந்து நிதானத்துக்கு வர அந்த ஏறக்குறைய மூன்று மணி நேரம் போதும் என்பதே நீதிமன்றத்தின் முடிவு.

அறைக்குள் நடந்ததற்கு நேரடிச் சாட்சி எவரும் இல்லை. சில்வியாவை மணந்து குழந்தைகளையும் ஏற்றுக்கொள்வாயா என்று தாம் கேட்டதாகவும், அதற்கு அஹுஜா மிக இழிவாகப் பதில் சொன்னதாகவும், உறையைப் பறிக்க முயன்றபோது நடந்த கைகலப்பில் குண்டுகள் வெடித்ததாகவும் நானாவதி கூறினார். உயிரோடு வெளியே வந்த ஒருவரின் கூற்று அது. குளித்துவிட்டு வந்திருந்த அஹுஜாவின் இடுப்பில் கட்டியிருந்த துண்டு, அவர் செத்து விழுந்த பிறகும் அவிழாமல் உடலில் அப்படியே இருந்தது. இரண்டு ஆண்கள் கட்டிப் புரண்டு துப்பாக்கிக்காகப் போராடியிருந்தால் அந்தத் துண்டு நழுவாமல் இருந்திருக்குமா என்ற கேள்விக்கு நானாவதி தரப்பிடம் நிறைவான விடை இல்லை. வழக்கறிஞர்களின் முழக்கங்களால் நிரம்பிய திரை நீதிமன்றத்தைவிட, பேசத் தெரியாத அந்தத் துண்டைச் சுற்றி நடந்த வாதமே நீதிமன்றம் எப்படி வேலை செய்கிறது என்பதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இந்தத் தீர்ப்பில் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. திடீர்ச் சினமூட்டல் கொலைக் குற்றத்தைக் குறைக்குமா என்று ஆராய்கையில், தீர்ப்பை எழுதிய நீதிபதி சுப்பாராவ் பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸ் உயர் நீதிமன்றத்தின் போயா முனிகாடு வழக்கை எடுத்துக்காட்டுகிறார். தம் மனைவி தமது பகைவனோடு கூடியிருந்ததைக் கண்ட ஒரு கூலித் தொழிலாளி, அன்றிரவு சோறு உண்ணவில்லை. மறுநாள் காலை கூலி வாங்கப் போன இடத்தில், மனைவி அதே ஆளோடு அமர்ந்து சாப்பிடுவதைப் பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில் அரிவாளால் அவனை வெட்டிவிடுகிறார். நடுவில் ஓர் இரவு கழிந்திருந்தும், கண்ணெதிரே மீண்டும் நிகழ்ந்த அவமானம் அவரைத் தன்னிலை இழக்கச் செய்தது என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டம் எதைத் தேடுகிறது என்பது விளங்கும். முனிகாடு ஆயுதம் தேடிப் போகவில்லை. பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி பெறவில்லை. எதிரியின் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலையவில்லை. அந்தக் கூலித் தொழிலாளியைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. சீருடையும் பதக்கமும் அணிந்த கனவானுக்காக ஒரு நகரமே கண்ணீர் விட்டது. கரஞ்சியாவின் 'பிளிட்ஸ்' வார இதழ் வெளிப்படையாக அவர் பக்கம் நின்று எழுதியது. பத்திரிகைகள் இதை மறக்கலாகாது.

சில்வியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவர் தரப்பின் முக்கிய சாட்சியாகக் கூண்டில் ஏறியவர் அவர். அஹுஜாவுக்கு அவர் எழுதிய கடிதங்களும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. விவாகரத்து பெற்று அஹுஜாவை மணக்கும் எண்ணமும், அவர் தம்மை மணப்பாரா என்ற ஐயமும் அவற்றில் இருந்தன. முடிவெடுக்கவும் தயங்கவும் தெரிந்த ஒரு பெண் அந்தக் கடிதங்களில் தெரிகிறார். ஆனால் அவரை மயக்கப்பட்டவராகவோ கெடுக்கப்பட்டவராகவோ மட்டுமே பலர் பார்த்தனர்; அக்காலச் சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு, பிறன்மனை சேர்ந்த ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது. கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை என்றது. மனைவிக்குத் தண்டனையும் இல்லை, முறையிடும் உரிமையும் இல்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய அந்தப் பிரிவு 2018 செப்டம்பரில் ஜோசப் ஷைன் வழக்கில் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். ஏனென்றால், 1963இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்தப் படம் நியாயமாகத் தோன்றியதற்கும், இன்று பார்க்கும் ஓர் இளம்பெண்ணுக்கு அது நெருடுவதற்கும் காரணம் இந்தச் சட்ட மாற்றத்துக்குப் பின்னால் உள்ள மனமாற்றம்தான்.

குல்சாரின் 'அச்சானக்' 1973இல் இதே வழக்கின் சாயலோடு வந்தது. பாட்டே இல்லாமல், மரண தண்டனைக்கு உரியவனை மருத்துவர்கள் பிழைக்க வைக்கப் போராடும் முரணை வைத்து, கொலையின் விலையைக் கேட்கத் துணிந்த படம் அது. அதற்கு நேர்மாறாக, 2016இல் வந்த 'ருஸ்தம்' கொலைக்கு ஒரு தேசபக்திக் காரணத்தைச் சேர்த்து, நாயகனை விடுதலையும் செய்து, இறந்தவரின் சகோதரியை வில்லியாக்கிவிட்டது. உண்மையில் அந்தச் சகோதரியான மாமி (Mamie) அஹுஜா, உடன்பிறந்தவரின் சாவைக் கண்டு, சாட்சி சொல்லி, நீதி கேட்டு நின்றவர். 1964இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கியதற்கு முன், தமக்கு மறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. வழக்கு முழுவதிலும் மிகக் கடினமான முடிவை எடுத்தவரைத் திரை அப்படிச் சித்திரித்ததும், அதைக் கேள்வி கேட்காமல் நாம் கைதட்டியதும் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன.

பிறன்மனை உறவு இன்று குற்றமல்ல என்றாலும், திடீர்ச் சினமூட்டலால் கொலைக் குற்றம் குறையும் என்ற விதிவிலக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. மனைவியின் நடத்தையைக் காரணம் காட்டி அந்தச் சலுகையைக் கேட்கும் கணவர்கள் நீதிமன்றங்களுக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வழக்குகளைப் பற்றிப் பொதுமக்கள் கொள்ளும் கருத்தில் சினிமாவுக்கும் அதைப் பற்றி எழுதும் நாளிதழுக்கும் பங்கு உண்டு.

ஆகையால் தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, வழக்கு ஆயுள் தண்டனையில் முடிந்து பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்துங்கள். உண்மை வழக்குகளைத் தழுவிய படங்களைப் பற்றி இனி எழுதும்போது, இறுதித் தீர்ப்பின் சுருக்கத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடுங்கள். நானாவதி தீர்ப்பின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் தர விரும்பினால், மொழிபெயர்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சட்ட விரிவுரையாளர்